கரை சேர்க்கும் பொறுப்பு



அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு இடையே கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கிறது. கோடையில் சால்மன் மீன் பிடிக்கக் குடும்பங்கள் சிறு படகுகளில் அவ்வழியே கடலுக்குச் செல்கின்றன. அப்பகுதிக்குப் 'பசிபிக்கின் இடுகாடு' என்றொரு பெயருண்டு. கடல் வற்றும் நேரத்தில், வெளியேறும் ஆற்று நீரும் எதிர்வரும் அலையும் மோதிச் செங்குத்தாய் எழும்பும்.

மனைவி மக்களோடு சென்ற படகின் எஞ்சின் அங்கே நின்றுவிட்டால் என்னவாகும்? எரிபொருளில் சிறிது தண்ணீர் கலந்தாலே எஞ்சின் நின்றுவிடலாம். ஓட்டமிழந்த படகு அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பும். கவிழும் ஆபத்து அப்போதுதான்.

அனுபவசாலிகள் கரையிலேயே ஆயத்தமாகிறார்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு இருப்பு. தனித் தொட்டியுடன் சிறிய இரண்டாவது எஞ்சின், நங்கூரம், 16ஆம் சேனலில் கடலோரக் காவல் படையை அழைக்க வயர்லெஸ், ஒவ்வொருவர் உடலிலும் உயிர்காப்பு அங்கி. முகத்துவாரம் கொந்தளித்தால் மீன் ஆசையை விட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

சகோதரர்களே! 'அல்லாஹ் காப்பான்' என்று கூறிவிட்டு அங்கியை வீட்டில் விட்டுச் செல்வது தவக்குல் அன்று, அலட்சியம். இயன்றதைச் செய்து முடிவை அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். நம்மை நம்பிப் படகேறும் பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். அவர்களைப் பத்திரமாகக் கரை சேர்த்த தந்தை, வெறுங்கையோடு திரும்பினாலும் நஷ்டமடைந்தவர் அல்லர்.

அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.