ஒரு கருவிக்கு 5 டாலர்: இது யார் போட்ட கணக்கு?

கார் சாவியில இருக்கிற பட்டனை அமுக்கினா கதவு திறக்குது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியை மாட்டினா, எஞ்சினில் என்ன கோளாறுன்னு தூரத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். வெளியில் வாங்கி மாட்டுற ரிமோட்டோ, இந்தப் பெட்டியோ, எதுவானாலும் வண்டிக்குள்ளே ஓடும் டேட்டா பஸ்ஸோட பேசியாகணும். சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு கம்பெனி வண்டியும் அதில் வேற வேற பாஷை பேசும். பல வண்டிகளின் பாஷையும் புரியுற ஒரே கருவி! அந்த யோசனைக்குத்தான் அமெரிக்காவில் ஒமேகா பேட்டன்ட்ஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது.

வண்டி இருக்கும் இடம், எஞ்சின் தகவல் எல்லாம் அனுப்பும் கருவிகளை விற்ற கால்ஆம்ப் மேல் அது வழக்குப் போட்டது. 2016-ல் ஃப்ளோரிடா ஜூரி ஒமேகா பக்கம் நின்றது. நீதிபதி இழப்பீட்டை மூன்று மடங்காக்கினார். 2019-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதி நிற்கவில்லை. மறுபடி விசாரணை. இந்த முறை ஜூரி கொடுத்தது கருவிக்கு 5 டாலர், மொத்தம் சுமார் 45 லட்சத்து 86 ஆயிரம் டாலர். அப்படின்னா 9 லட்சத்துக்கும் அதிகமான கருவிகள்!

இந்த 5 டாலர் எங்கிருந்து வந்தது? ஒமேகா மற்றவர்களுக்கு உரிமம் கொடுக்கும்போது ஒரு காப்புரிமை கேட்டாலும், ஐம்பது கேட்டாலும் அதே 5 டாலர்தான்னு ஒரு வழக்கம் வைத்திருந்தது. 2021 செப்டம்பரில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இங்கேதான் பிடித்தது. ஒரு காப்புரிமை மீறப்பட்டதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இழப்பீட்டை ரத்து செய்து, அதை மட்டும் புதிதாக விசாரிக்கச் சொன்னது. ஏன்? அந்தக் கருவியில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பாகங்களும் இருக்கு. அதில் இந்தக் கண்டுபிடிப்பு கூட்டிய மதிப்பு எவ்வளவுன்னு பிரித்துக் காட்டணும். ஒமேகா காட்டவில்லை.

நம்ம சமையலறைக் கணக்கில் சொன்னா, பெருங்காயம் கொடுத்தவர் சாம்பாருக்கே விலை கேட்கக் கூடாது. அதுக்காக பெருங்காயம் சும்மா கிடைக்கும்னும் அர்த்தமில்லை.

உங்களில் யாராவது ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தா, உரிம ஒப்பந்தத்தில் மொத்தமா ஒரே தொகையை எழுதி முடிச்சிடாதீங்க. எந்தக் காப்புரிமைக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவுன்னு இன்றைக்கே எழுதி வையுங்க. நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போறது அந்தக் காகிதம்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.