மேலடுக்குச் சுழற்சியும் நம் வயலும்



வானிலை அறிக்கையில் "புயல்" என்று வந்தால் காது கொடுத்துக் கேட்கிறோம். "வளிமண்டலச் சுழற்சி நிலவுகிறது" என்று வந்தால், புயல் இல்லையாம் என்று யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். இங்கேதான் நட்டம் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். புயல் ஏதும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நின்றது ஒரு சுழற்சிதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழையும் நெல்லும் வெள்ளத்தில் மூழ்கின.

இந்தச் சுழற்சி தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே காற்று, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வட்டமிடும். சென்னை, காரைக்கால் போன்ற இடங்களில் பலூனில் கருவி கட்டி அனுப்பியும், செயற்கைக்கோள் படம் பார்த்தும் இதைக் கண்டறிகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அதன் உயரம். சுருக்கமான செய்தியில் இதைச் சொல்வதில்லை. வானிலை மையத்தின் விரிவான அறிக்கையில் இருக்கும். 1.5 கி.மீ. உயரத்தில் தொடங்கி 5.8 கி.மீ. வரை நீண்டிருந்தால், அது கடல் ஈரத்தை இழுத்து மேலே தூக்கும். பலத்த மழைக்கு வாய்ப்புண்டு. பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மட்டும் சுழல்வது வேறு வகை. அதன் நடுவில் குளிர்ந்த காற்று கீழே இறங்குவதால் மேகம் கூடாது, மழையெல்லாம் ஓரங்களில்தான். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி இதற்குப் பேர்போனது. நவம்பர் முதல் மார்ச் வரையில் அங்கு இது வந்து நின்றால், ஓரத்து ஊரில் மழை, நடுவிலுள்ள ஊரில் வெயில். நம் அறிக்கையில் வரும் "மேலடுக்கு" பெரும்பாலும் அவ்வளவு உயரத்தது அன்று. "கீழடுக்கு" என்றால் சிறியது என்றும் எண்ணிவிடாதீர்கள்.

சரி, வயலில் என்ன செய்வது? சுழற்சியோடு கனமழை எச்சரிக்கையும் வந்தால் மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். மருந்து தெளிப்பும் வேண்டாம். வடிகாலை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை அன்றே வாரிப் போடுங்கள். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். நெல்மணி நூற்றுக்கு எண்பது பழுத்திருந்தால் மழைக்கு முன்பே அறுத்துவிடலாம். ஆனால், அன்றைக்கே அடித்துத் தூற்ற ஆளும், மூடத் தார்ப்பாயும் இருந்தால் மட்டுமே. நிற்கும் கதிரைக் காட்டிலும் அறுத்துக் கிடக்கும் கதிர் சீக்கிரம் முளைத்துவிடும்.