நல்ல நீரே வீட்டிற்கு உறுதி



பால்மரம் வெட்டும் உங்களுக்குக் கலப்பின் தீமையை நான் விளக்க வேண்டியதில்லை. மங்கில் மழைநீர் விழுந்தால் பால் கெடுகிறது. சிறிதளவு திராவகம் சேர்ந்தால் வாளிப் பால் முழுவதும் உறைகிறது. சிமெண்டும் அத்தகையதே.

அண்மையில், பெரியவர் ஒருவர் தம் சேமநிதிப் பணத்தைக் கொண்டு கட்டிய வீட்டைக் கண்டேன். மணலும் சிமெண்டும் தரமானவையே. ஆயினும், ஈராண்டுக்குள் தரை தூளாக உதிரத் தொடங்கியிருந்தது. காரணம் வினவினேன். ரப்பர்த் தாள் போடும் கொட்டகையை அடுத்துள்ள அல்லூரில் நீர் மொண்டதாகக் கூறினார். "குடிப்பதற்கா ஐயா, குழைப்பதற்குத்தானே என்று எண்ணிவிட்டேன்" என்றார். முப்பதாண்டு உழைப்பு அத்தரையில் உதிர்ந்து கிடந்தது.

பால் உறைந்தபின் வடியும் நீரில் அமிலமும் சர்க்கரைப் பொருள்களும் உள்ளன. சிமெண்டு காரத்தன்மை உடையது. அமிலம் அதனை அரிக்கும். சர்க்கரையோ, சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலும் அது இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே, இனிப்புத் தேநீர் இருந்த வாளியையும் கழுவாமல் பயன்படுத்தலாகாது. சேற்று நீரிலுள்ள களிமண், மணலைச் சிமெண்டு பற்றவொட்டாமல் தடுக்கும். கடல்நீரின் உப்பு இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

அவ்வாறாயின், எந்நீர் ஏற்றது? குடிப்பதற்கு உகந்த நீரே குழைப்பதற்கும் உகந்தது. குழாய்நீர் கிடைக்காத இடத்தில், ஐயத்திற்குரிய நீரில் ஒரு சிறு சிமெண்டு வில்லையும், குடிநீரில் மற்றொன்றும் ஒரே அளவாகச் செய்து நிழலில் வையுங்கள். முன்னது தாமதமாக இறுகினாலோ, சில நாட்களுக்குப் பின் எளிதில் நொறுங்கினாலோ, அந்நீரை விலக்குங்கள்.

நல்ல நீராயினும் அளவு வேண்டும். கான்கிரீட்டுக்கு 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் போதும். மணல் ஈரமாயின் இன்னும் குறையுங்கள். குழைப்பதற்கு எளிது என்று மிகுதியாக ஊற்றினால் வலிமை குன்றும். கான்கிரீட் இறுகிய பின்னரோ, குறைந்தது 7 நாட்கள் அது உலராதவாறு நனைத்து வாருங்கள்.

வீடு கட்டும் நாளில், கொத்தனாரிடம் கூலியைக் கேட்பதற்கு முன், "நீர் எங்கிருந்து?" என்று கேளுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் தவழப்போகும் தரை அது.