நினைவு நிலைபெறும் வகை

ஊர்விட்டுப் புறப்பட்ட நாளின் ரயிலடி நமக்கு மறப்பதில்லை. சென்ற வாரம் உண்டது மறந்துபோகிறது. உள்ளம் கலங்குங்கால் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன. மூளையினுள் நார்அட்ரினலினும் மிகுகிறது. 1994-இல் அமெரிக்காவில் காஹில், மக்கா முதலியோர், இவற்றுள் அட்ரினலின் வகையின் செயலைத் தடுக்கும் மருந்தைச் சிலருக்கு அளித்து உருக்கமான கதையொன்றைக் கூறினர். ஒரு வாரம் கழித்து வினவியபோது, உருக்கமான பகுதியே அவர்கள் நினைவில் மங்கியிருந்தது!

கிளர்ச்சி மட்டும் போதுமா? போதாது. 1939-இல் நாஜிகளுக்குத் தப்பி, ஒன்பது வயதில் வியன்னாவை விட்டு வெளியேறிய எரிக் கண்டெல், பிற்காலத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உடைய அப்ளிசியா என்னும் கடல் நத்தையை ஆராய்ந்தார். அதன் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி தந்தால் அச்சம் சில நிமிடங்களே நிற்கும். இடைவெளிவிட்டுப் பன்முறை தந்தால் பல நாள் நிற்கும். அப்போது செரோட்டோனின் எழுப்பும் செய்தி நரம்பணுவின் உட்கருவை எட்டி, கிரெப் என்னும் புரதத்தின் வாயிலாக ஜீன்களை இயக்குகிறது. புதுப் புரதங்கள் உண்டாகி, புது நரம்பிணைப்புகள் முளைக்கின்றன. ஜீனின் எழுத்து மாறுவதில்லை. அது படிக்கப்படும் தருணமே மாறுகிறது. இவ்வாராய்ச்சிக்காகக் கண்டெல் 2000-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பள்ளியில் தமிழ் இல்லாத ஊர்களில் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்துக் கற்பிக்கிறோம். ஞாயிறன்று அதட்டி நாற்பது முறை எழுதுவிப்பதினும், நான்கு நாள் பத்துப்பத்து முறை எழுதுவிப்பதே நலம். கார்ட்டிசால் வகைச் சுரப்பு வாரக்கணக்கில் மிகுந்திருந்தால், நினைவுக்குரிய ஹிப்போகாம்பசில் நரம்புக் கிளைகள் சுருங்குவதை எலிகளிடம் கண்டிருக்கின்றனர்.