பூட்டப்படாத மூலநிரல்



பழங்கணினி தேய்ந்தா சாகிறது? அதன் மென்பொருளைத் திருத்துவார் இன்மையாலன்றோ சாகிறது! 'டாசு' இயங்குதளத்திற்கு முடிவுகட்ட மைக்குரோசாபுட்டு நிறுவனம் முனைந்தபோது, 1994-இல், விசுகான்சின் மாணவர் சிம் ஆல் அதற்கீடாக ஒன்றைப் பொதுவில் படைக்க அழைப்பு விடுத்தார். 'பிரீடாசு' என்னும் விடுதலை டாசு பிறந்தது.

8086 செயலி எட்டும் நினைவகம் 1 மெகாபைட்டு. அதில் நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைட்டே. 386 செயலி பன்மடங்கு நினைவகத்தை எட்டியும், டாசு நிரல்கள் அச்சிறு குடிலிலேயே முடங்கின. விடுதலை டாசின் நினைவக மேலாளியோ, 640 கிலோபைட்டிற்கும் 1 மெகாபைட்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடங்களில் மிகை நினைவகத்தைப் பொருத்திக் காட்டுகிறது. இயக்கிகள் அங்கே குடியேற, கீழே நிரல்களுக்கு இடம் விடுபடுகிறது. எளிய கருவிதான், ஆயினும் அதன் மூலநிரல் பூட்டப்படவில்லை. எனவே, மற்றொருவர் அதையே அடியாகக் கொண்டு 'செம்386' எனத் திருத்திப் புதுக்கினார். எவரிடமும் கைகட்டி நின்று இசைவு கேட்கவில்லை!

மைக்குரோசாபுட்டு தன் டாசு 4.00-இன் மூலநிரலைத் தளையற்ற உரிமத்தில் திறந்தது 2024-இல். அப்போது விடுதலை டாசிற்கு அகவை முப்பது. அடுத்த ஆண்டே அதன் 1.4 பதிப்பு வெளிவந்தது.