கதையில் வரும் துரோகி
(சங்க வாசகசாலையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாசகசாலை அலமாரியை ஒழுங்கு செய்தபோது அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ஃபதேயெவ் எழுதிய ‘இளங்காவலர்’ நாவல். படித்த பிள்ளைகள் வாய்விட்டுத் தமிழில் சொல்ல, ராத்திரி ஷிப்டு இல்லாதவர்கள் உட்கார்ந்து கேட்டோம்.

நடந்த கதைதான். உக்ரைனில் தோன்பாஸ் வட்டாரத்து நிலக்கரி ஊர் க்ராஸ்னதோன். 1942-ல் ஹிட்லர் படை அதைப் பிடித்தது. ஊர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாதவர்கள், ரகசியமாகப் படை அமைத்தார்கள். துண்டுப் பிரசுரம் ஒட்டினார்கள். நவம்பர் 7 அன்று செங்கொடி ஏற்றினார்கள். ஜெர்மனிக்கு அடிமை வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீசுக்குத் தீ வைத்தார்கள். பெயர்ப் பட்டியல்கள் சாம்பலாயின. (இந்த இடத்தில் நம்மவர்கள் கை தட்டினார்கள்!) 1943 ஜனவரியில் பிடிபட்டார்கள். சித்திரவதைக்குப் பின் பெரும்பாலோரை ஐந்தாம் எண் சுரங்கக் குழியில் தள்ளினார்கள். சிலர் உயிரோடே தள்ளப்பட்டார்கள். அடுத்த மாதமே ஊர் விடுதலையானது.

ஃபதேயெவ் அந்த ஊருக்குப் போய்ப் பெற்றோரிடம் கேட்டு எழுதினார். 1946-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே, கட்சியின் வழிகாட்டுதலைக் காட்டவில்லை என்று கண்டனம் வந்தது. திருத்தி எழுதி 1951-ல் வெளியிட்டார். அது தனிக் கதை.

நம்மை உறுத்துவது வேறு. நாவலில் ஸ்தகோவிச் என்றொரு பையன் அடி தாங்காமல் தோழர்களைக் காட்டிக் கொடுக்கிறான். பெயர் கற்பனைதான். ஆனால் ஊராருக்கு அது விக்தர் த்ரெத்யகேவிச் என்று தெரிந்தது. அவர் படையின் தலைவர்களில் ஒருவர், பதினெட்டு வயது. எதிரியின் போலீசில் வேலை பார்த்த ஒருவன் சொன்ன வாக்குமூலத்தால் வந்த பழி அது. அவரும் அதே குழியில்தான் மாண்டார். பெற்றவர்கள் துரோகியைப் பெற்றவர்களாகப் பல வருஷம் வாழ்ந்தார்கள். பழி பொய் என்று விசாரணைக் குழு சொன்னது 1959-ல். ஃபதேயெவ் 1956-லேயே மறைந்துவிட்டார்.

யாரும் பார்க்காத இரவில் இரண்டு பேர் என்ன பேசினார்கள் என்பதை எழுத்தாளன் கற்பனை செய்யலாம். இல்லாவிட்டால் நாவலே இல்லை. ஆனால் நிஜ ஊர், நிஜப் பெயர்கள் நடுவே துரோகிக்கு மட்டும் மாற்றுப் பெயர் வைத்தால் வாசகன் ஆளைத் தேடத்தானே செய்வான்?

இதை இன்று பேசக் காரணம், நமது ஆண்டு மலருக்கு வந்த ஒரு கதை. 1974 மே ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றியது. நன்றாக எழுதியிருக்கிறார் தம்பி. ஆனால் அதில் வரும் கருங்காலியின் நடையும் பேச்சும் இன்னார் என்று காட்டிவிடுகின்றன. அவர் இன்று இல்லை. குடும்பம் நம்மோடு இருக்கிறது. அந்த இருபது நாளில் அவர் வேலைக்குப் போனாரா என்று நான்கு பெரியவர்களை விசாரித்தோம். நான்கு விதமாகச் சொன்னார்கள்.

கதையைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அந்த ஆளை மாற்றி எழுதித் தந்தால் மலரில் முதல் கதை அதுதான்.