முட்டத்துப் பாறைகளும் சினைச் சிங்கியும்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு, குமரி மாவட்டத்து முட்டத்தைச் சொல்லுவோம். நாங்களும் போய் வந்தோம். மேட்டின்மேல் கலங்கரை விளக்கம். கீழே பெரும் பாறைகளில் அலைகள் மோதிச் சிதறுகின்றன. எத்தனையோ தமிழ்த் திரைப்படங்களில் நாம் கண்ட கடற்கரை அது.

அழகு தரும் பாறைகளே அங்குள்ள மக்களுக்குப் பிழைப்பும் தருகின்றன. சிங்கி இறால் பகலில் பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடி வெளியே வரும். ஆகையால் மாலையில் வலை விட்டு, விடியற்காலையில் எடுக்கிறார்கள். உயிரோடிருக்கும் சிங்கிக்கே நல்ல விலை. அதைக் குளிர்வித்து, பெட்டியில் அடுக்கி, விமானத்தில் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

தாய்ச் சிங்கி தன் முட்டைகளை வாலின் அடியில் சுமந்து திரிகிறது. ஒரு சிங்கியிடம் இலட்சத்துக்கும் அதிகமான முட்டைகள் இருக்கும். பொரிக்கும் குஞ்சுகள் கண்ணாடி இலைபோல மாதக்கணக்கில் ஆழ்கடலில் மிதக்கின்றன. பாறைக்குத் திரும்பி வந்து சேருபவை மிகச் சிலவே. சினையோடு பிடிபடும் ஒரு சிங்கியோடு அத்தனையும் போய்விடுகின்றன.

2003ஆம் ஆண்டு மத்திய அரசு அளவில் சிறிய சிங்கியை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. இக்கரையில் அதிகம் கிடைக்கும் இனம் உயிரோடு ஏற்றுமதியாக 200 கிராமாவது இருக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் ஏற்றுமதிக்கு ஆகாததை வாங்க உள்ளூரில் ஆள் இருந்தால், அது வலையிலிருந்து கடலுக்குத் திரும்பாது.

மீனவரைக் குறை சொல்லுவது எளிது. படகுக்கு எண்ணெய்க் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பாடு இல்லாத நாட்களின் வட்டி, இவ்வளவும் தலைமேல் இருக்கும்போது, கையில் வந்த சிங்கியைக் கடலில் விடுவது அவருக்கு ஒரு நாள் கூலியை விடுவதாகும். ஆனாலும் விடாவிட்டால் நாளை அவர் பிள்ளைக்குப் பாறையில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறோம். கடற்கரைக்குப் போகும்போது சிங்கி வாங்குங்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது உதவி. ஆனால் வாலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முட்டைக் கொத்து இருந்தாலும், உள்ளங்கையளவே உள்ள குஞ்சாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்குவார் இல்லாத சரக்கை எவரும் கரைக்குக் கொண்டுவரமாட்டார்.